குதிரை மசாலின் வேரும் குளிர்காலமும்

பனி பெய்யும் நாடுகளிலே கால்நடைத் தீனிக்கெனப் பயிரிடப்படுவனவற்றுள் தலையாயது குதிரை மசால். மேனாட்டார் லூசேண் எனவும் அல்பல்பா எனவும் வழங்குவது இதுவே. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பூண்டு ஒருமுறை விதைத்தாற் பல்லாண்டு வாழும்; ஓராண்டிற் பன்முறை அறுவடையும் தரும். குளிர்காலத்தில் இதன் தண்டும் இலையும் மடிந்தொழிய, மண்ணுள் இருக்கும் ஆணிவேரும் அதன் தலைப்பகுதியுமே உயிர் தாங்கி நிற்கும். இளவேனில் வந்ததும் அத்தலையிலுள்ள அரும்புகள் மீண்டும் தளிர்க்கும். ஆயின், ஒரு வயல் தளிர்க்க, அயல் வயல் அடியோடு மாண்டு கிடப்பதும் உண்டு. இவ்வேறுபாடு எதனாலாயது? விடையை வேரினுள்ளே தேடுவாம்.

இத்தேட்டத்திற்கு முன்னோடியாய் நின்றவன் ஓர் எளிய உழவன். சேர்மனியிலுள்ள பாடன் நாட்டினின்றும் 1857ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மினசோட்டாவிற்குக் குடியேறிய வெண்டலின் கிறிம் என்பான், தன் ஊர் விதையிற் சிறு மூட்டையொன்றை உடன் கொண்டு சென்றான். அந்நாட்டுக் கடுங்குளிர் பயிரிற் பெரும்பகுதியைக் கொன்றது. அவன் சோர்ந்திலன், பிழைத்த செடிகளின் விதையையே சேர்த்து மறுபடியும் விதைத்தான். ஆண்டுதோறும் இவ்வாறு செய்ய, குளிர் தாங்கும் வகையொன்று உருவாயிற்று. அவன் 1890இல் மறைந்தான். அதன் பின்னரே மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் அதன் அருமையை அறிந்தனர். 'கிறிம்' என்ற பெயரோடு அவ்வகை வட அமெரிக்காவெங்கும் பரவிற்று. தெரிவு செய்தது குளிர். தெரிந்ததைப் போற்றியது உழவன் கை. ஆயினும், அவ்வேர்கள் பெற்றிருந்த சிறப்பு யாதென அவன் காலத்தார் அறிந்திலர்.

குளிர் எவ்வாறு கொல்லுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மண் உறையும்போது பனிக்கட்டி பெரும்பாலும் கலங்களுக்கு இடையிலுள்ள வெளிகளிலே தோன்றும். அது கலத்தினுள் இருக்கும் நீரை வெளியே ஈர்க்கும். நீரிழந்த கலம் சுருங்க, அதன் மென்சவ்வு சிதையும். ஆதலின் உறைதலால் நேரும் சாவு, ஒருவகையில் வறட்சியால் நேரும் சாவேயாம். இதனைத் தாங்கும் ஆற்றல் பயிருக்கு எக்காலமும் ஒருபடித்தாய் இருப்பதன்று. இலையுதிர்காலத்திற் பகல் குறுகித் தட்பம் மிகுங்கால், வேர் தன்னைச் சிறிது சிறிதாகப் பதப்படுத்திக்கொள்கின்றது.

அப்பதப்படுத்தலில் மூவகைச் செயல்களைக் காணலாம். முதலாவது, வேரிற் சேர்ந்த மாப்பொருளின் ஒரு பகுதி வெல்லங்களாக மாறுதல். அவற்றுள் இரபினோசு, தாக்கியோசு என்னும் இரண்டும் குளிர் தாங்கும் வகைகளில் மிகுந்து காணப்படுகின்றன. இரண்டாவது, நீரிழப்பினின்றும் கலத்தைக் காக்கும் தனிப் புரதங்கள் தோன்றுதல். மூன்றாவது, சேமிப்புப் புரதங்கள் வேரிலே திரளுதல்.

இம்மூன்றாவதே நாம் சிறப்பாக நோக்கற்பாலது. நெடுங்காலமாக அறிஞர் வேரின் மாப்பொருளையே பெரிதாக எண்ணினர். அமெரிக்காவிற் பேர்டியூப் பல்கலைக்கழகத்து வொலனெக்கும் பிரான்சு நாட்டு அறிஞர் சிலரும் 1990களில் நடத்திய ஆய்வுகள், நைதரசன் சேமிப்பின் பங்கைப் புலப்படுத்தின. 15, 19, 32 கிலோதாற்றன் நிறையுடைய புரதங்கள் இலையுதிர்காலத்தில் ஆணிவேரிற் பெருகி, இளவேனிலில் விரைந்து குறைகின்றன. குறைந்தவை போய இடம் எது? புதுத் தளிர்களே. அறுத்த செடியில் வேர்முடிச்சுகளின் நைதரசன் பதித்தல் தளர்கின்றது. குளிர்ந்த மண்ணில் வேரின் உறிஞ்சலும் குன்றுகின்றது. அவ்வேளையிற் சேமித்த புரதம் சிதைந்து அமினோவமிலங்களாகித் தளிருக்கு உணவாகின்றது. பனங்கிழங்கின் மாப்பொருள் முளைக்கு உதவுமாறு போல்வதே இதுவும். இவற்றுள் 32 கிலோதாற்றன் புரதம் பூஞ்சணத்தின் சுவரைச் சிதைக்கும் நொதியத்தின் இயல்பும் உடையது என்பர். ஆகவே, சேமிப்பே காவலாதலும் கூடும்.

இங்கு மாணவர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். குளிர் தாங்கும் வகைகளிற் சேமிப்புப் புரதம் மிகுந்திருத்தல் கொண்டு, அப்புரதமே பனிக்கட்டியைத் தடுக்கின்றது எனத் துணிதல் பொருந்தாது. உடன் நிகழ்தல் வேறு, காரணமாதல் வேறு. உறைதலைத் தாங்குதற்கு வெல்லமும் காவற் புரதமும் பெரிதும் துணைசெய்ய, தாங்கிய பின் எழுதற்குச் சேமிப்புப் புரதம் துணைசெய்கின்றது எனக் கொள்ளுதலே தகும். உறைபனியிற் சாவாது தப்பிய வேரும், எழுதற்கு முதல் இல்லாவிடின் இளவேனிலில் நலிந்தழியும்.

இவ்வறிவின் பயன் உழவனுக்கே உரியது. இலையுதிர்காலத்திற் பசுமையாய் நிற்கும் பயிரை மற்றுமொருமுறை அறுக்க அவனுக்கு ஆசை எழும். கொடிய உறைபனிக்கு முன்னைய நான்கு முதல் ஆறு கிழமைகளில் அறுத்தலாகாது என்பது வேளாண் அறிஞர் வழங்கிவரும் அறிவுரை. அக்காலத்தே அறுப்பின், வேர் தான் சேர்த்ததைப் புதுத் தளிருக்குச் செலவிடும்; மீண்டும் சேர்க்கக் காலம் போதாது. மேலும், அறுத்த தாள் குட்டையாதலின் வெண்பனி தங்கி மண்ணுக்குப் போர்வையாதலும் குறையும். அன்று கிடைத்த ஒரு வண்டித் தீனிக்கு விலையாக, அடுத்த ஆண்டு வயல் முழுவதையும் உழுது மறுபடி விதைக்க நேரிடலாம்.

கண்ணிற்குப் புலனாவது இலையின் பசுமை. பயிரின் வாழ்வோ மண்ணுள் மறைந்த சேமிப்பிலே தங்கியுள்ளது. இதனை அறிந்து, அறுக்கக் கூடியதையும் அறுக்காது விடுபவனே அவ்வயலை அடுத்த ஆண்டும் காண்பான்.