முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

தோட்டப்புறத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் லேண்ட் ரோவர் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "துரை வண்டியா?" என்றுதான் கேட்பார்கள். 1948-இல் அறிமுகமான இந்த இங்கிலாந்து வண்டியை அவசரகாலத்தில் ராணுவம் மலாயாவின் காட்டுப் பாதைகளில் ஓட்டியது. தோட்டங்களிலும் அது பல ஆண்டுகள் ஓடியது. அதில் துரை உட்கார்ந்து போனார், சரி. ஓட்டியவர், கழுவியவர், மழையில் சேற்றில் படுத்துப் பழுது பார்த்தவர் யார்? எங்கள் வீட்டில் அது தாத்தா.

கெடாவில் கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் தாத்தா டிரைவராக இருந்தார். தோட்டம் கைமாறியபோது பழைய வண்டிகளை விற்றார்கள். தான் ஓட்டிய 1966-ஆம் ஆண்டு வண்டியை அவரே வாங்கிவிட்டார். சில வருடம் ஓடியது. அப்புறம் 14 வருடம் ரம்புத்தான் மரத்தடியில் நின்றது. பழைய இரும்புக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். தாத்தாவுக்கு இப்போது 79 வயது, பார்வை மங்கி வருகிறது. செய்வதாக இருந்தால் இப்போதே செய்ய வேண்டும் என்று என் பருவ விடுமுறையில் குடும்பமே இறங்கிவிட்டோம். நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். வகுப்பில் படித்த பாதி விஷயம் இந்த வண்டிக்கு அடியில் படுத்தபோதுதான் விளங்கியது.

முதல் நாளே வீட்டில் விவாதம். அப்பாவுக்கு எஞ்சினை எழுப்ப ஆசை. "சத்தத்தையாவது தாத்தா கேட்கட்டுமே" என்றார். தாத்தாதான் தடுத்தார்: "ஓடுறது பெரிய விஷயமில்லடா. நிக்குமான்னு மொதல்ல பாரு."

அதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். இந்த வண்டியில் ஒரே பாதைதான். நான்கு சக்கரத்தில் எந்த ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலும் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். தாத்தாவுக்கே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. பால் டிரம்களோடு ஃபேக்டரிச் சரிவில் இறங்கும்போது குழாய் போய்விட்டது. அவர் லோ ரேஞ்சில் முதல் கியரில் இறங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். அந்த கியரில் எஞ்சின் ஏறக்குறைய 40 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஏறும்போது எஞ்சினின் முறுக்குவிசையை அது அத்தனை மடங்கு பெருக்கித் தருகிறது. இறங்கும்போது அதே கணக்கு தலைகீழாக வேலை செய்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. "கியர் ரேஷியோ" என்று தேர்வில் எழுதுகிறோமே, அது தாத்தாவின் உயிர்.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் ஊர் ஈரத்தில் 14 வருடம் என்றால் கேட்கவே வேண்டாம். சக்கரத்து சிலிண்டர்களுக்குள் துரு, பிஸ்டன்கள் கெட்டியாகப் பிடித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம். இரும்புக் குழாய்களையும் விடவில்லை. ஒன்று கவனியுங்கள்: பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

ஜாக்கி போட்டுத் தூக்கும் முன் தாத்தா மரக்கட்டைகளைச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது எதற்குக் கட்டை? "போட்டாலும் ஓடும்டா" என்றார், விளக்கம் சொல்லவில்லை. நான் வரைந்து பார்த்தேன். இதில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால், தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டு நின்றாலும் அச்சு நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் ஒரு சக்கரத்தை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் சுற்ற விடும். ஆகவே பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய உடனே தரையிலுள்ள மற்ற சக்கரம் உருளலாம். அடியில் படுத்திருப்பவன் கதி? படம் வரைந்து கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் கைக்கு அது ஐம்பது வருடமாகத் தெரியும்.

இனி நான்கு சக்கர இயக்கம். நண்பர்கள் பலர் எப்போதும் நான்கு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே என்று கேட்கிறார்கள். சைக்கிளை ஒரு நீர்த்தேக்கத்தில் ஓட்டி, காய்ந்த சிமெண்டில் வளைத்துத் திரும்புங்கள். முன் சக்கரத்தின் ஈரத் தடம் வெளியிலும் பின் சக்கரத்தின் தடம் உள்ளேயும் விழும். அதாவது திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் போகிறது. இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. மஞ்சள் குமிழை அமுக்கினால் இரண்டும் ஒரே வேகத்தில் இறுகிவிடும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச் சாலையில் வழுக்காது. பற்சக்கரங்களும் தண்டுகளும் முறுகிக்கொண்டே வந்து, கடைசியில் பலவீனமான ஒன்று உடையும். ஆகவே தார் ரோட்டில் இரண்டு சக்கரம் போதும். சிவப்பு நெம்புகோல் லோ ரேஞ்சுக்கு. அதை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரில் நடுவிலும் டிஃபரென்ஷியல் வைத்ததால்தான் எப்போதும் நான்கிலும் ஓட முடிந்தது.

உடம்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: "அலுமினியம், துருப் பிடிக்காது." போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இரும்புத் தட்டுப்பாடு, அதனால் உடல் தகடுகள் அலுமினியக் கலவை. ஆனால் அடிச்சட்டம் இரும்பு, அதுவும் உள்ளே வெற்றான பெட்டி வடிவம். தண்ணீர் புகுந்தால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் ஈரத்தில் சேரும் இடத்திலோ அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும். சின்னச் சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் நல்லது, "தொப்" என்றால் அங்கே ஒன்றுமில்லை. எங்களுக்குப் பின் குறுக்குச்சட்டம் தொப். கண் தெரியாமலே தாத்தா காதால் அந்த இடங்களில் சாக்குக்கட்டியால் கோடு போட வைத்தார்.

பிரேக் நின்ற பிறகே எஞ்சின். ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில கரண்டி எண்ணெய் விட்டு, மூன்று நாள் ஊற வைத்து, முன்னாலிருக்கும் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றினோம். பிறகு பாயிண்ட், கார்புரேட்டர், புது எண்ணெய். பழைய தொட்டிப் பெட்ரோலை நம்பாமல் சிறு கலனிலிருந்து கொடுத்தோம். வயரிங் அக்காவுடையது. இந்த வயது வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும் என்று அவள்தான் எல்லோரையும் எச்சரித்து, சிவப்பு மையில் எழுதி ஒட்டினாள். அம்மா ஒவ்வொரு நட்டையும் எண் போட்ட பையில் கட்டி நோட்டில் எழுதினார். இப்போது 212 பைகள். அம்மா இல்லையென்றால் நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். நட்டுகளெல்லாம் இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் முனை மழுங்கிவிடும்.

எஞ்சின் ஏழாவது முயற்சியில் பிடித்தது. தாத்தா கை தட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர் சோம்பலா இருக்கு" என்றார். பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதித்தோம். மூன்றாவதேதான்.

இப்போதைக்கு வீட்டு வாசலில் இருபது அடி முன்னால், இருபது அடி பின்னால். ஓட்டுவது தாத்தா, பக்கத்தில் நின்று "போதும்" சொல்வது நான். சாலைக்கு இன்னும் போகவில்லை. கிராண்ட் தாத்தா பெயரில் பத்திரமாக இருக்கிறது; ஜேபிஜே வேலையை அப்பா பார்க்கிறார். அடுத்த விடுமுறையில் குறுக்குச்சட்டம். வெல்டிங் தொடங்கும் முன் பாட்டரியையும், டிரைவர் இருக்கைக்கு அடியிலிருக்கும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றி வெளியே வைக்க வேண்டும். அம்மா அதற்கு 213-ஆம் பையை இப்போதே எழுதி வைத்துவிட்டார்.