கோபம் வந்தால் சட்டை சிவக்குமா?

மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போது கறை சட்டென்று சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் நீர் கரைத்து, அதில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் நீர் சிவப்பதும் இதே வேதிவினைதான். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தோன்றும். எலுமிச்சைச் சாறு விட்டால் பழைய நிறம் திரும்பும். ஆகவே, நிறம் மாறும் துணி நமக்குப் புதிதன்று. ஆனால் அணிந்திருப்பவரின் மனநிலைக்கேற்ப நிறம் மாறும் துணியைச் செய்ய முடியுமா? நாமே அதை வடிவமைப்பதாக வைத்துக்கொண்டு யோசிப்போம், மாணவர்களே!

துணிக்கு மனம் தெரியாது, தோல்தான் தெரியும். மனத்தின் மாற்றம் தோலில் அடையாளம் காட்டுமா? காட்டும். பயத்தில் கைகால் சில்லிட்டுப் போயிற்று என்கிறோமே, அது வெறும் பேச்சல்ல. அஞ்சும்போது விரல்களிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அங்கே பாயும் வெதுவெதுப்பான இரத்தம் குறைவதால் விரல் குளிர்கிறது. 1983-ல் அமெரிக்க உளவியலறிஞர் பால் எக்மனும் அவருடைய தோழர்களும் இதை அளந்தார்கள். அச்சத்தில் இருந்ததைவிடக் கோபத்தில் விரலின் வெப்பநிலை உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது? முகபாவச் சோதனையில் சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸில் ஒரு சிறு பகுதிதான். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெப்பத்தை நிறமாக்குவது எப்படி? 1888-ல் பிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கினார். அது ஏறத்தாழ 145 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178 டிகிரிக்கு மேல்தான் தெளிந்தது. குளிரும்போது அழகிய நிறங்கள் தோன்றின. நீரைப்போல் ஓடவும் செய்யும், படிகத்தைப்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டும் இருக்கும். இதைத்தான் திரவப் படிகம் என்கிறோம். இவ்வகைத் திரவப் படிகத்தில் மூலக்கூறுகள் சுழற்படிக்கட்டுப்போல் அடுக்கடுக்காகத் திரும்பி நிற்கின்றன. படிக்கட்டு ஒரு முழுச்சுற்றுச் சுற்ற எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதைப் பொறுத்தே எந்த நிற ஒளி திரும்பி வரும் என்பது அமைகிறது. சூடேறினால் பொதுவாகச் சுற்று நெருங்கும். நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும். 1975-ல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்ற 'மனநிலை மோதிரம்' இதை வைத்துச் செய்ததுதான்.

இத்துறையில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார்கள். (இவர் சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு பெற்ற வானியல் சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்!)

சட்டைக்கு இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. 1991-ல் அமெரிக்கக் கடைகளில் சூடு பட்டால் நிறம் மாறும் பனியன்கள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளில் ஒரு சாயமும், மென்மையான அமிலமும், மெழுகு போன்ற பொருளும் சேர்த்து அடைக்கப்பட்டிருந்தன. மெழுகு உறைந்திருக்கையில் அமிலமும் சாயமும் இணைந்து நிறம் காட்டும். உருகினால் பிரிந்து நிறம் மறையும். மஞ்சள் துணியில் நீல நுண்ணுறைகளைப் பூசினால், குளிரில் பச்சை, சூட்டில் மஞ்சள். நல்ல தந்திரம்தான்! ஆனால் அக்குள் பக்கம் மட்டும் நிறம் மாறி மானத்தை வாங்கியது. வெந்நீரில் துவைத்தால் பாழாயிற்று.

இப்போது புதுச்சேரிக்கு வடக்கே, கடலோரத்திலுள்ள பொம்மையார்பாளையத்தில் நீங்கள் அந்தச் சட்டையை அணிந்து நிற்பதாக எண்ணுங்கள். சித்திரை மாத வெயில். விடியற்காலையில் 27 டிகிரியாக இருந்த காற்று நண்பகலில் 37 ஆகிறது. மனம் தருவது ஒரு டிகிரியில் சிறு பகுதி. வானிலை தருவது பத்து டிகிரி. உங்கள் சட்டை காலையில் பச்சையாகவும் மதியம் மஞ்சளாகவும் இருக்கும். நீங்கள் சிரித்தாலும் அழுதாலும் அப்படியேதான். அது மனத்தைப் படிக்கவில்லை, வெயிலைப் படிக்கிறது.

அப்படியானால் வியர்வையைப் படிக்கலாமா? உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் மனக்கிளர்ச்சியின்போது சுரக்கும். அப்போது தோலில் மின்சாரம் எளிதாகச் செல்லும். 2006-ல் பிலிப்ஸ் நிறுவனம் காட்சிக்காகச் செய்த ஓர் ஆடை உடலின் இத்தகைய குறிப்புகளை உணர்ந்து ஒளிக்கோலம் காட்டியது. குளிரூட்டிய அரங்கில் அது சரி. கடற்காற்றின் ஈரப்பதத்தில் நம் வியர்வை காய்வதே இல்லை. உடம்பெல்லாம் உப்புநீரில் ஊறியிருக்கையில் மனம் விட்ட ஒரு துளியை எப்படிப் பிரித்தறிவது?

என் கருத்தில், கேள்வியையே மாற்றிவிடுவது நல்லது. இதே கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, வெள்ளை உப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் பெண்கள் உப்புச் சுமக்கிறார்கள். தமிழக உப்பளத் தொழிலாளரின் வெப்பத் தாக்கத்தையும் சிறுநீரக நிலையையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கவலைக்குரிய செய்திதான் கிடைத்தது. தோலின் வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல் நிலைத்துவிட்டால் உடலின் உள்வெப்பம் வெளியேற வழி குறுகுகிறது. சட்டைக்கையின் உள்மடிப்பில், வெயில் நேரே படாத இடத்தில், 35 டிகிரியில் நிறமிழக்கும் சிறு ஒட்டுத்துணியைத் தைத்தால் என்ன? மெழுகைத் தேர்ந்தெடுத்து உருகும் வெப்பநிலையை வேண்டியபடி அமைக்கலாம். மடிப்பைத் திருப்பிப் பார்ப்பவர் அணிந்திருப்பவரே. நிழலுக்குப் போகவும் தண்ணீர் குடிக்கவும் அது ஒரு குறிப்பு. குறிப்பு மட்டுமே, வியர்வை ஆவியாகும் இடத்தில் தோல் குளிர்ந்து, உள்ளே காய்ந்துகொண்டிருக்கும் உடலை மறைத்துவிடலாம். தலைசுற்றல் வந்தால் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இக்குறையை எப்படிச் சரிசெய்வீர்கள்?

அதற்குமுன் ஒரு சோதனை. பள்ளிச் சோதனைச்சாலை வெப்பமானியின் குமிழை இரு விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்து, 5 நிமிடம் அமைதியாக அமர்ந்து அளவைக் குறியுங்கள். பிறகு 1000-லிருந்து ஏழேழாகக் கழித்து உரக்கச் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் விரைவுபடுத்தட்டும். மீண்டும் அளவெடுங்கள். காலை 6 மணிக்கு ஒருமுறை, பிற்பகல் 2 மணிக்கு ஒருமுறை. நான்கு எண்களையும் அருகருகே எழுதி, எந்த இரண்டுக்கிடையே இடைவெளி பெரிது என்று பாருங்கள்.