ஊசியும் உரிமையும்

சிவாஜிநகரில் வாழும் நமக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டும் பௌரிங் ஆஸ்பத்திரியும் நன்கு தெரியும். இப்பேட்டை ஒரு காலத்தில் பிளாக்பள்ளி என வழங்கியதும், 1898-ல் இங்கு பிளேக் நோய் புகுந்து வாட்டியதும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஹூப்ளிப் பக்கமிருந்து நோய் இரயிலேறித்தான் பெங்களூர் வந்தது. இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற எனக்கு இதைச் சொல்லச் சற்றுச் சங்கடம்தான்!

நோய் பரவும்போது அரசு நம்மை எவ்வளவு தூரம் கட்டாயப்படுத்தலாம்? இதுவே இம்மாதப் பாடம்.

1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பயணிகளை நிறுத்திச் சோதிக்கவும் தனியே வைக்கவும் அது அதிகாரம் தந்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தனர், மக்கள் கொதித்தனர், பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு ஜூனில் சுடப்பட்டார். அதே 1897-ல் டாக்டர் ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்து, முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். ஒருவர் அச்சத்தை வளர்த்தார். மற்றவர் நம்பிக்கையை வளர்த்தார். ஆனால் நம்பிக்கையும் உடையக்கூடியதே. 1902-ல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில், கெட்டுப்போன ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் டெட்டனஸால் மாண்டனர்.

அப்படியானால் கட்டாயமே கூடாதா? சிவப்பு சிக்னலைக் கண்டால் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். "என் வண்டி, என் இஷ்டம்" என்று அவர் சொல்ல முடியாது. எதிரே வரும் வண்டியிலும் உயிர்கள் உண்டு. தட்டம்மையும் அப்படித்தான். நம் நாட்டில் அதற்கு முதல் ஊசி 9 மாதம் நிறைந்த பிறகே. ஆறு மாதக் குழந்தையைக் காப்பது அக்கம்பக்கத்தார் போட்டுக்கொண்ட ஊசிதான். நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் அந்நோய் ஊரில் பரவாது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சிக்னல் வண்டியை நிறுத்துகிறது. ஊசியோ உடம்புக்குள் செல்கிறது. நீதிமன்றங்களும் இதைக் கருதியுள்ளன. 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரியம்மை ஊசியை மறுத்த ஜேக்கப்சன் என்பவருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்றது. நம் உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ல் கொரோனா ஊசி வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போடக்கூடாது என்றது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை ஆபத்தின் அளவுக்குப் பொருந்தவேண்டும் என்றும் கூறியது.

என் கருத்து இதுதான். கட்டாயம் என்பது அவசர பிரேக்கைப் போன்றது. வேண்டிய வேளையில் இழுக்கத்தான் வேண்டும். அதையே நம்பி வண்டி ஓட்ட முடியாது. கட்டாயப்படுத்தும் அரசு, ஊசியின் தீமைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தீங்கு நேர்ந்தவருக்குச் சிகிச்சையும் ஈடும் தரவேண்டும். ஊசியை ஏழையின் வாசலுக்கே கொண்டுபோகவேண்டும். 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் தயங்கினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது அபராதமல்ல, பொறுமையான பதில்.

பிழைப்புக்காக ஊர் மாறி வந்த நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஊசி விடுபடும் பிள்ளைகள் எல்லாரும் மறுத்தவர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். இடம் மாறியதால் தவணை தவறியவர்களும் உண்டு. தமிழ்நாட்டு அட்டையைக் காட்டினாலும் இங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் விடுபட்ட ஊசியை இலவசமாகப் போடுவார்கள். இன்றிரவே அட்டையை எடுத்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டட வேலைக் கொட்டகையில் உள்ள தாய்மார்களிடமும் சொல்லுங்கள்.

வீட்டில் பேசுவதற்கு:

1. பிறர் குழந்தைக்காக நாம் ஊசி போட்டுக்கொள்வது கடமையா, தருமமா?

2. மறுப்பவருக்கு அபராதம் விதிக்கலாமா? பள்ளியில் இடம் மறுக்கலாமா? தவறு யாருடையது, தண்டனை யாருக்கு?