பழைய எஸ்9 வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய பிட்காயின் மைனிங் மெஷின் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் கடைசியாக வந்த கரண்ட் பில் எவ்வளவு என்பதுதான். அது தெரியாதவர் மெஷின் விலையை விசாரித்துப் பயனில்லை. இந்தப் பொழுதுபோக்கில் மெஷினுக்குப் போகிற பணம் சில்லறை. பர்ஸைக் காலி செய்வது மின்சாரம்.

சென்னையில் நான் வைத்திருப்பது ஆன்ட்மைனர் எஸ்9. பிட்மெயின் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட மாடல். மைனிங் உலகின் டிவிஎஸ் 50 என்று சொல்லலாம்: வேகம் கிடையாது, ஆனால் உதிரி கிடைக்கும், பிரித்து மாட்டலாம், எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு யாராவது ஏற்கெனவே வழி கண்டுபிடித்திருப்பார்கள். 13.5 டெராஹாஷ் வேகத்துக்கு ஏறக்குறைய 1,350 வாட் இழுக்கும். புதிய எஸ்21 மாடல் 3,500 வாட்டில் 200 டெராஹாஷ் தருகிறது. அதாவது அதே மின்சாரத்துக்கு ஐந்து மடங்குக்கும் மேல் வேலை. போதாக்குறைக்கு, பிட்காயினின் பிளாக் பரிசு 2020 மே மாதம் ஒருமுறை, 2024 ஏப்ரலில் இன்னொரு முறை பாதியாகி, இப்போது 3.125 காயினில் நிற்கிறது. பெரிய மைனிங் பண்ணைகள் எஸ்9-ஐக் கழற்றித் தள்ளியது இதனால்தான். நமக்கு மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான், விற்பவரின் தாராள மனசால் அல்ல.

கணக்கைப் போட்டுவிடுவோம். 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 32 யூனிட் சொச்சம். நம் ஊர் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட், மூன்று நாளில் காலி. இரண்டு மாதத்தில் மெஷின் மட்டும் 1,900 யூனிட்டைத் தாண்டும். 1,000 யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட் 11 ரூபாய்க்கும் மேல். அந்த அடுக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் ஓட்டம் 350 ரூபாய். வரவு? 2025-ல் பிட்காயின் நெட்வொர்க்கின் மொத்த வேகம் 1,000 எக்ஸாஹாஷைத் தொட்டது. அந்த அளவில் எஸ்9-க்கு ஒரு நாளில் கிடைக்கும் பங்கு சுமார் 600 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு). ஒரு காயின் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 60 ரூபாய்தான். 350 போட்டு 60 எடுக்கும் தொழிலுக்கு எந்த வங்கியும் கடன் தராது. லாபத்துக்காக வருகிறவர் இந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடலாம்.

மிச்சம் இருப்பவர்களுக்கு, வாங்கும் விஷயம். ஓட்டிக் காட்டாத மெஷினை வாங்கவே கூடாது. "பவர் சப்ளை இல்ல சார், மத்தபடி நல்ல கண்டிஷன்" என்று சொல்பவரிடம், "பரவால்லண்ணே, நான் கொண்டு வர்றேன், அரை மணி நேரம் ஓடட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். முகத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஏன் என்றால், கோளாறுள்ள ஹாஷ் போர்டு (மைனிங் சிப்கள் உள்ள பலகை) குளிர்ச்சியாக இருக்கும்போது ஒழுங்காகவே வேலை செய்யும். சூடேறிய பிறகுதான் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

ஓடும்போது லேப்டாப்பில் மெஷினின் ஐபி முகவரியைத் திறந்து நிலவரப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எஸ்9-ல் மூன்று போர்டுகள், 6, 7, 8 என்ற எண்களில் தெரியும். ஒவ்வொன்றிலும் 63 சிப். நல்ல சிப்புக்கு 'ஓ' எழுத்து, கெட்டதற்கு 'எக்ஸ்'. மூன்று வரிசையும் முழுக்க 'ஓ'வாக இருந்தால் சரி. ஒரு போர்டே பட்டியலில் இல்லை என்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது நியாயம்தான். நான் பாதியாகக் கேட்பேன், ஏனென்றால் செத்த போர்டின் மேல் உள்ள சிப்பை எடுத்து ஒட்டும் ஆள் எல்லா ஊரிலும் இல்லை.

மெஷினைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்தும் பார்க்க வேண்டும். உள்ளே ஏதாவது உருண்டால், சிப்பின் மேல் ஒட்டிய ஹீட்சிங்க் கழன்றிருக்கிறது. அப்படியே கரண்ட் கொடுத்தால் அது எங்காவது சிக்கி ஷார்ட் அடிக்கும். பிறகு விசிறியைக் கழற்றி டார்ச் அடித்துப் போர்டின் ஓரங்களைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய மெஷினில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி செம்புத் துரு பிடித்திருக்கும். தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம், புளோயர் போதும். ஊதும்போது மட்டும் விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்17, டி17 ரகங்கள் காகிதத்தில் எஸ்9-ஐ விடச் சிக்கனமானவை. ஆனால் ஹீட்சிங்க் கழன்று போர்டு சாகும் கதை அவற்றில் அதிகம். பழுது பார்க்கும் கடைகளுக்கு அவை நல்ல வருமானம். முதல் மெஷினாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது வயரிங். இதில் விளையாட்டே கூடாது. இந்த மெஷினோடு பெரும்பாலும் வரும் ஏபிடபிள்யூ3 பவர் சப்ளை 1,600 வாட் தரக்கூடியது. அதிலிருந்து வரும் கனெக்டர்கள் போர்டுக்கு மூன்றாக ஒன்பது, கண்ட்ரோல் போர்டுக்கு ஒன்று. மூன்று போர்டும் ஓடும்போது பத்தையும் மாட்ட வேண்டும், ஒன்றைக்கூட விட்டுவிட்டு ஓட்டக் கூடாது. பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அந்தப் பவர் சப்ளையை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சுவரில் இழுப்பது ஏறக்குறைய ஆறு ஆம்பியர், அதுவும் இடைவிடாமல். அதனால் மிக்ஸி, டிவி மாட்டும் 6 ஆம்பியர் பாயின்ட் ஆகாது. ஏசி, கீசர் மாட்டும் 16 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், தனி எம்சிபி வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், இரவு பகலாக ஓடும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் அயர்ன் பாக்ஸ் கணக்கில் வயர் இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

வீட்டு நெட்டில் இணைப்பதற்கு முன் பழைய மென்பொருளை அழித்துவிடுங்கள். முந்தைய உரிமையாளரின் பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வரவைப் பங்கிடும் குழு) முகவரி அதிலேயே இருக்கும். மாற்றாமல் ஓட்டினால் உங்கள் கரண்டில் அவருக்குச் சம்பாத்தியம். இதைவிட மோசமானதும் உண்டு. 2019 ஜனவரியில் ஹான்ட் என்ற ரான்சம்வேர் சீனப் பண்ணைகளில் ஆன்ட்மைனர்களைப் பிடித்து 10 பிட்காயின் கேட்டது. வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்ன திருட்டு ஃபர்ம்வேர் வழியாக வந்தது என்றார்கள். ஆகவே எஸ்டி கார்டில் நம்பகமான ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். ரூட் என்ற பயனர் பெயருக்கு ரூட் என்றே இருக்கும் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றுங்கள். பிரெய்ன்ஸ் ஓஎஸ் என்ற ஃபர்ம்வேரைப் போட்டால் வோல்டேஜைக் குறைத்து, குறைந்த வாட்டில் ஓட்டலாம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அங்கேதான்: எந்தப் போர்டு எவ்வளவு குறைவில் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது.

சத்தம் 75 டெசிபல் பக்கம். மூடிய கதவு போதாது. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது உத்தமம். இழுக்கும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வருகிறது. கனடா மாதிரியான இடங்களில் இதையே ரூம் ஹீட்டராக வைத்துக்கொள்கிறார்கள். ஊட்டிக்காரர்களும் யோசிக்கலாம். சென்னை மே மாதத்தில் மெஷினை அணைத்துவைப்பதுதான் புத்தி. அதற்கு ஏசி போட்டால் இரண்டாவது பில் வேறு.

பூலில் சேராமல் சோலோவாக ஓட்டினால் ஒருநாள் முழு பிளாக்கும் விழும் என்று கனவு காண்பவர்கள் உண்டு. மேலே சொன்ன அதே நெட்வொர்க் வேகத்தில் எஸ்9-க்குச் சராசரியாக 1,400 ஆண்டுகளுக்கு ஒருமுறை விழலாம். அந்த லாட்டரி ஆசை மட்டும்தான் என்றால், 20 வாட்டுக்குள் ஓடும் பிட்ஆக்ஸ் என்ற குட்டி மைனிங் மெஷின் போதும். அது மேஜை மேல் அதிகச் சத்தமில்லாமல் கிடக்கும்.

வரியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ். மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் காட்டிக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் கை அரிக்கிறது என்றால் எஸ்9-ஐயே வாங்குங்கள். மூன்று போர்டில் ஒன்றை மட்டும் மாட்டி, வாரக்கடைசிகளில் சில மணி நேரம் ஓட்டுங்கள். பில் தாங்கக்கூடிய அளவில் வரும். மெஷினுக்குக் கொடுக்கும் விலை, அதை நாளைக்கே காயலான் கடையில் போட்டாலும் மனசு வலிக்காத தொகையாக இருக்கட்டும். அதற்கு மேல் யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.