பிள்ளையின் விளையாட்டுக்கு ஓர் எஸ்டிமேட்

விடுமுறை நாட்களில் காலையில் மும்பை லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். தன் உயரத்துக்குச் சமமான கிட் பையைச் சுமந்துகொண்டு பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் சிவாஜி பார்க்குக்கும் ஆசாத் மைதானத்துக்கும் போவார்கள். கூடவே தாயோ தந்தையோ இருப்பார். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இவர்களில் உண்டு. விளையாட்டு நல்லதுதான். ஆனால் அதற்கு ஆகும் செலவையும் கிடைக்கக்கூடிய பலனையும் பெற்றோர்கள் கணக்கிட்டுப் பார்க்கிறார்களா என்பதே என் கேள்வி. ரயில்வேயில் ஒரு சிறிய பிளாட்பாரக் கூரை போடுவதற்குக் கூட எஸ்டிமேட் இல்லாமல் நாங்கள் வேலையைத் தொடங்கியதில்லை.

போட்டி ஏன் கூடியது?

மும்பையில் பள்ளிக் கிரிக்கெட் புதிதல்ல. ஹாரிஸ் ஷீல்டு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது. 1988 பிப்ரவரியில் அந்தப் போட்டியில்தான் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன்கள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் சச்சின் 16 வயதில் இந்தியாவுக்காக ஆடினார். 2008-ல் ஐ.பி.எல். வந்தபின் ஆட்டத்துடன் பணமும் சேர்ந்துகொண்டது. 2024 நவம்பர் ஏலத்தில் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் அவர் 35 பந்துகளில் சதம் அடித்தார். அதே ஆண்டு நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் நம் மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றதும், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இந்த ஆசை பிறந்தது.

ஆனால் வாசல் எவ்வளவு அகலம்? ஐ.பி.எல்.லில் 10 அணிகள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர். ஆக 250 இடங்கள், அதிலும் வெளிநாட்டவர் பங்கு உண்டு. ரஞ்சிக் கோப்பையில் 38 அணிகள். ஒரு சுற்றில் களமிறங்குவோர் சுமார் 400 பேர். நாடு முழுவதும் மட்டை பிடிக்கும் பிள்ளைகளோ பல லட்சம். இதை ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை, அளவைத் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

செலவைப் பிரித்துப் பார்ப்போம்

முதலாவது, சாமான்கள். பேட், பேடு, கையுறை, ஹெல்மெட், ஷூ எல்லாம் வளரும் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகளில் சிறியதாகிவிடும். இங்கிலீஷ் வில்லோ மட்டையின் மரம் இறக்குமதி. காஷ்மீர் வில்லோ அதைவிட மிக மலிவு. தொடக்க நிலைக்கு இதுவே போதும்.

இரண்டாவது, தேய்மானப் பொருள்கள். பாட்மிண்டனில் 16 இறகுகள் கொண்ட ஒரு ஷட்டில் சில கேம்களிலேயே உதிர்ந்துவிடும். இந்தச் செலவு மாதாமாதம் வரும்.

மூன்றாவது, கோச்சிங் கட்டணம், தனிப் பயிற்சி, போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம். நான்காவது, யாரும் எழுதி வைக்காத செலவு: தாய் வேலையை விடுவது, டியூஷன் தவறுவது, வீட்டிலுள்ள மற்றொரு பிள்ளையின் பங்கு குறைவது.

உதாரணத்துக்கு மாதம் கட்டணம் 4,000, பயணம் 1,500 என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 66,000. சாமான்கள் 20,000, போட்டிகள் 14,000 சேர்த்தால் ஒரு லட்சம். பத்து வயதிலிருந்து பதினாறு வரை ஆறு லட்சம். உங்கள் வீட்டு எண்களைப் போட்டு இதேபோல் கூட்டிப் பாருங்கள்.

என் குடியிருப்பில் ஒருவர் மகனை வெளிநாட்டு டூருக்கு அனுப்ப பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்தார். அங்கே ஆடிய ஆட்டம் எதுவும் இங்கே தேர்வுக்குக் கணக்கில் வரவில்லை. ஆகவே பணம் கட்டுமுன், "இந்தப் போட்டிக்கு மாநிலச் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா?" என்று கேளுங்கள். பணம் கொடுத்தால் அணியில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வயதும் உடலும்

கிரிக்கெட் வாரியம் வயதைச் செப்டம்பர் 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறது. செப்டம்பர் 2-ல் பிறந்தவனும் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பன்னிரண்டு வயதில் ஓராண்டு வித்தியாசம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிது. இளையவன் தேர்வாகவில்லை என்றால் அவனுக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயதைக் குறைத்துக் காட்டும் குறுக்கு வழியும் வேண்டாம். மணிக்கட்டு எக்ஸ்ரே மூலம் எலும்பின் வளர்ச்சியைச் சோதிக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் மாற்றலாகும் நம்மவர்கள், பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பாரம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதையும் பொறியாளர் பார்ப்பார். வளரும் எலும்பும் அப்படித்தான். ஓயாமல் வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் கீறல் விழுவது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் தந்த அறிவுரை இது: 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் மட்டும் இறக்காதீர்கள், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள், அந்த விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்து, விடுப்பு கொடுங்கள்.

செலவில்லாத வழிகள்

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் உதவி உண்டு. அதில் ஒரு பகுதி கைச்செலவுக்கு. மீதி பயிற்சிக்கும் தங்குமிடத்துக்கும். இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களிலும் தேர்வானவர்களுக்குத் தங்கும் வசதியோடு பயிற்சி கிடைக்கிறது. தடகளம், கபடி, கால்பந்து ஆகியவற்றுக்குச் சாமான் செலவு மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டா உண்டு. தோனி கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த வேலைக்கும் குறைந்தபட்சப் படிப்புத் தகுதி கேட்பார்கள். எனவே விளையாட்டுக்காகப் பத்தாம் வகுப்பைக் கைவிடுவது இரண்டு கதவுகளையும் அடைப்பதாகும்.

முடிவாக மூன்று விதிகள். கடன் வாங்கி விளையாட்டுச் செலவு செய்யாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை எஸ்டிமேட்டைத் திருத்துங்கள். அதே நாளில் பிள்ளையை அருகில் அமர்த்தி, "உனக்கு இன்னும் ஆட ஆசையாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், செலவான பணத்தைச் சொல்லிக் காட்டாமல் விட்டுவிடுங்கள். தினம் ஒரு மணி நேரம் ஓடியாடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. நம் சங்கமும் ஞாயிறுதோறும் பிள்ளைகளை ஒரு மைதானத்தில் கூட்டினால், நான் விசில் ஊத வரத் தயார்.