கைத்தொழில் பாடம்: டிரைவ் பெட்டிகளுக்குச் செய்திக் கம்பி இழுத்தல்

காணியைக் கையோடு எடுத்து வர முடியாது. கற்ற தொழில் எங்கும் கூடவே வரும். இடம்பெயர்ந்த குடும்பங்களில், வயரிங் வேலை ஓரளவு தெரிந்து, நெல் ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை தேடும் இளைஞர், யுவதிகளுக்காக இப்பாடம் எழுதப்படுகிறது.

ஏன் இந்தக் கம்பி?

பெரிய நெல் ஆலையில் நெல்லைத் தூக்குவது, உமி நீக்குவது, தீட்டுவது, உமியை ஊதித் தள்ளுவது என ஒவ்வொரு வேலைக்கும் தனி மோட்டர் உண்டு. மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது டிரைவ் என்னும் பெட்டி. சிலர் இதை இன்வேர்ட்டர் என்பர். தீட்டும் இயந்திரம் மெதுவாகும்போது நெல்லைத் தூக்கும் இயந்திரமும் மெதுவாக வேண்டும். இல்லையேல் நெல் நிரம்பி அடைத்துக்கொள்ளும். அறுவடைக் காலத்தில் ஆலை நின்றால் ஈர நெல் மூட்டையிலேயே பழுதாகும். நட்டம் விவசாயிக்கும் வந்து சேரும்.

ஆகவே, ஒரு கட்டுப்பாட்டுக் கருவி எல்லா டிரைவ்களுடனும் கம்பி வழியே பேசுகிறது. இதற்குப் பெரிதும் பயன்படுவது 1983இல் தரமாக வெளியான ஆர்.எஸ். 485 முறை. கம்பியில் பேசும் மொழி பெரும்பாலும் மொட்பஸ். இதை மொடிக்கன் நிறுவனம் 1979இல் உருவாக்கியது.

எப்படி வேலை செய்கிறது?

ஏ, பி என இரண்டு கம்பிகள் உண்டு. அவற்றுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசமே செய்தி. ஆடும் தோணியில் இருவர் நின்றால் அலை இருவரையும் சேர்த்தே தூக்கும். அவர்களுக்குள் யார் உயரம் என்பது மாறாது. அதுபோல, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் விழுந்தால் செய்தி கெடாது. அப்படிச் சமமாக விழுவதற்கே கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்குகிறோம்.

ஐந்து விதிகள்

1. ஒரே வரிசை. முதற் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் கம்பி செல்ல வேண்டும். நடுவில் ஓரிடத்திலிருந்து பல திசைகளில் பிரிக்க வேண்டாம். இம்முறையில் சாதாரணமாக 32 கருவிகள் வரை சேர்க்கலாம். குறைந்த செய்தி வேகத்தில் 1200 மீற்றர் வரை இழுக்கலாம்.

2. இரு முனைகளிலும் 120 ஓம் தடையி. இதைக் கடையில் ரெசிஸ்டர் என்று கேளுங்கள். குளக்கட்டில் மோதிய அலை திரும்பி வருவது போல, கம்பியின் முனையில் மோதிய செய்தியும் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குழப்பும். தடையி அந்த அலையை விழுங்கிவிடும். பல டிரைவ்களில் இது உள்ளேயே இருக்கும். ஒரு சிறு சுவிச்சால் இயக்கலாம். வரிசையின் இரு கடைசிக் கருவிகளில் மட்டும் இயக்குக.

3. மோட்டர் கேபிளுக்கு விலகி. செய்திக் கம்பி குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டுமாயின் செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

4. கம்பியைச் சுற்றியுள்ள உலோகக் கவசத்தை, கையேடு வேறு விதமாகக் கூறாவிடின், ஒரு முனையில் மட்டும் எர்த்துடன் இணைக்குக.

5. ஒவ்வொரு டிரைவுக்கும் 1 முதல் 247 வரை வெவ்வேறு இலக்கம் கொடுக்க வேண்டும். செய்தி வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே இலக்கம் இரண்டுக்கு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், ஒன்றும் விளங்காது.

உயிருக்கு ஆபத்து

மெயின் சுவிச்சை நிறுத்திய உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். 400 வோல்ற் மூன்று கட்ட மின்சாரத்தில் இயங்கும் டிரைவின் உள்ளே, கப்பாசிற்றர்களில் ஏறக்குறைய 560 வோல்ற் நேர்மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லப் போதும். மூடியில் எழுதியுள்ள நிமிடங்கள் முழுவதும் காத்திருந்து, மீற்றரால் அளந்து, மின்னழுத்தம் இறங்கியதை உறுதிசெய்த பின்னரே கை வைக்குக.

செய்திக் கம்பி அறுந்தால் மோட்டர் தானாக நிற்கும்படி டிரைவில் அமைத்து வையுங்கள். அவசர நிறுத்தப் பொத்தானைச் செய்திக் கம்பியை நம்பி விடக்கூடாது. அதற்குத் தனிக் கம்பி வேண்டும்.

பழுது கண்டுபிடித்தல்

எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்தி, ஏ, பி இரண்டுக்கும் இடையில் மல்டிமீற்றரால் அளவுங்கள்.

ஏறக்குறைய 60 ஓம்: சரி.
120 ஓம்: ஒரு தடையி இல்லை, அல்லது நடுவில் கம்பி அறுந்துள்ளது.
40 ஓம்: மூன்றாவது தடையி எங்கோ இயங்குகிறது.
பூச்சியத்துக்குக் கிட்ட: கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

அளவு சரியாக இருந்தும் ஒரு டிரைவ் மாத்திரம் பேசவில்லையாயின், முதலில் அதன் இலக்கத்தையும் வேகத்தையும் பாருங்கள். பின்னர் அதில் ஏ, பி கம்பிகளை மாற்றிப் போடுங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இவ்வெழுத்துகளை ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை. மாற்றிப் போடுவதால் பழுது வராது.

வீட்டில் பயிற்சி

மூன்று சோடிக் கம்பித் துண்டுகளை முறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் தடையி பூட்டி நடுவில் அளவுங்கள். பிறகு ஒரு தடையியைக் கழற்றி அளவுங்கள். அடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நண்பர் ஒருவர் ஓரிடத்தில் கம்பியைக் கழற்றட்டும். மீற்றரை மாத்திரம் கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். இதற்கு டிரைவும் வேண்டாம், மின் இணைப்பும் வேண்டாம்.