ரோபோ வாத்தியார் வந்துவிட்டாரா?

மனித உருவில் ஒரு ரோபோ பள்ளிக்குள் நுழைந்தாலே, இனி ஆசிரியருக்கு வேலை போய்விடும் என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. கல்விக்கென்று உலகெங்கும் அதிகம் புழங்கும் 'நாவோ'வையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் அல்டெபரான் நிறுவனம் உருவாக்கியது. உயரம் 58 சென்டிமீட்டர்.

நம்பிக்கை: குழந்தை கேட்பதைப் புரிந்துகொண்டு தானாகவே பதில் சொல்லும்.

உண்மை: பெரும்பாலும் எழுதிக்கொடுத்ததைத்தான் செய்யும். 'கோரிகிராஃப்' என்ற மென்பொருளில் பேசு, கையைத் தூக்கு, உட்கார் என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெட்டி உண்டு. அவற்றைத் திரையில் இழுத்துவைத்துக் கோடுபோட்டு இணைக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. அதனால் பல ஆய்வுகளில் குழந்தையின் கண்ணில் படாமல் ஓர் ஆள் உட்கார்ந்து, கணினி வழியாக அதை இயக்குகிறார். பெற்றோருக்கு இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: ரோபோ சொல்லிக்கொடுத்தால் பாடம் மண்டையில் நன்றாக ஏறும்.

உண்மை: நெதர்லாந்தில் ஐந்து வயதை ஒட்டிய 194 குழந்தைகளை வைத்து ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கும் ஆய்வு ஒன்று நடந்தது. சிலருக்கு நாவோவும் டேப்லெட்டும், சிலருக்கு டேப்லெட் மட்டும். 2019இல் வெளியான முடிவின்படி, இரு தரப்புக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கற்றிருந்தார்கள்.

நம்பிக்கை: அப்படியானால் இது வெறும் விலையுயர்ந்த பொம்மை.

உண்மை: இதை நான் ஏற்கவே மாட்டேன். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாவோவை மாணவனாக்கிப் பார்த்தார்கள். அதற்கு எழுதச் சொல்லித்தருவது குழந்தையின் வேலை. நாவோ கையை அசைக்கும். டேப்லெட்டில் கோணல்மாணலாக எழுத்து தோன்றும். குழந்தை திருத்தி எழுதிக்காட்டும். அடுத்த முறை நாவோவின் எழுத்து கொஞ்சம் தேறும். கையெழுத்துக்காக எப்போதும் திட்டு வாங்கும் பிள்ளை, இங்கே பொறுமையாக இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறது; கற்றுக்கொடுப்பதற்காகவே தானும் மறுபடி மறுபடி எழுதிப் பார்க்கிறது.

நிரல் எழுதும் பெரிய பிள்ளைகளுக்கும் இதே லாபம் உண்டு. ஒரு காலைத் தூக்கச் சொல்லிவிட்டு, எடையை மறுகாலுக்கு மாற்றச் சொல்ல மறந்தால் நாவோ தடாலென்று விழும். எங்கே தப்பு என்று யாரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. மாணவனே நிரலைத் திறந்து தேடத் தொடங்குவான்.

நம்பிக்கை: ஒரு தடவை வாங்கிப்போட்டால் போதும்.

உண்மை: பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. தொடர்ந்து நின்றால் மூட்டு மோட்டார்கள் சூடேறும், இடையிடையே உட்காரவைக்க வேண்டும். அல்டெபரானே 2025இல் நொடித்துப்போனது. அதன் சொத்துகளைச் சீன நிறுவனம் ஒன்று வாங்கியது. ஆகவே விலையை விசாரிக்கும்முன், பழுதுபார்ப்பது யார், நிரல் எழுதக் கற்றுத்தரப்போகும் ஆசிரியர் யார் என்ற இரண்டையும் பள்ளிகள் முடிவுசெய்துகொள்ளட்டும்.